வாடிக்கையாளர் வீட்டில் பூடுவார் ஷூட்: 50 எம்எம், ஒரே ஃப்ளாஷ் போதுமா?

நிழல்கோடு:
கல்யாணத்துக்கு முன்னால் தனக்காக மட்டும் ஒரு பூடுவார் ஆல்பம் (படுக்கையறைச் சூழலில் எடுக்கும் அந்தரங்கமான படங்கள்) வேண்டும் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். ஸ்டூடியோ வேண்டாமாம், வீட்டுப் படுக்கையறைதான் கூச்சமில்லாமல் இருக்குமாம். அறை பத்துக்குப் பத்து. கிழக்கே ஒரே ஜன்னல், கம்பி போட்டது. சுவர் வெளிர் பச்சை. என்னிடம் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், 1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ், ஒரு ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டும் ஃப்ளாஷ்) இருக்கின்றன. வெள்ளைச் சட்டை, பட்டுப்புடவை இரண்டிலும் எடுக்க வேண்டும். லைட் வாடகைக்கு எடுக்கட்டுமா?

ஐஎஸ்ஓ800:
வேண்டாம். அந்தப் பச்சைச் சுவரை முதலில் கவனியுங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பினால் நிழல் பக்கக் கன்னமும் கழுத்தும் பச்சை அடிக்கும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸால் தீராது. நிழலைச் சரிசெய்தால் வெளிச்சப் பக்கம் மெஜந்தாவாகிவிடும். நிழல் பக்கம் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைத் தொங்கவிடுங்கள், அல்லது இரண்டு தெர்மாகோல் அட்டைகளை நிறுத்துங்கள். சுவரும் மறையும், ரிஃப்ளெக்டரும் ஆச்சு. டியூப்லைட், பெட் லேம்ப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கிழக்கு ஜன்னல் என்பதால் காலையில் கம்பி நிழல் உடம்பில் கோடு கோடாக விழும். ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டினால் போதும். மதியம் தாண்டிவிட்டால் அதுவும் தேவையில்லை, வானத்து வெளிச்சமே மென்மையாக வரும்.

50 எம்எம்-இல் இடுப்புவரை எடுக்க ஏறக்குறைய 7 அடி தள்ளி நிற்க வேண்டும். முழு உருவத்துக்கு 14 அடி, அந்த அறையில் நடக்காது. அதற்குக் கிட் லென்ஸை 35-இல் வைத்து வாசற்படியிலிருந்து எடுங்கள். 18-க்குப் போகாதீர்கள், கேமரா பக்கம் இருக்கும் கால் பூதாகரமாகத் தெரியும். 50-இலும் 4 அடி தூரத்தில் லென்ஸ் திறப்பை 1.8 வைத்தால் ஃபோகஸ் ஆழம் (தெளிவாகத் தெரியும் பகுதி) சுமார் 4 செ.மீ.தான், முகம் லேசாகத் திரும்பினாலே ஒரு கண் மங்கும். 2.8 வையுங்கள், ஃபோகஸ் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில்.

படுத்த போஸில் தலை ஜன்னல் பக்கம் இருக்கட்டும். கால் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் மூக்கு நிழல் நெற்றிக்கு ஏறி முகமே விகாரமாகிவிடும்.

தறிநூல்:
வெள்ளைச் சட்டை ஃப்ரேமை நிறைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து சருமத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை +2/3 கூட்டிவிட்டு, சட்டை வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (கேமராவின் வெளிச்ச வரைபடம்) பாருங்கள். பட்டுக்கு நேர் ஃப்ளாஷ் கூடவே கூடாது, ஜரிகை வெள்ளைத் திட்டாகிவிடும். சீலிங்குக்கு அடித்தால் கண்ணுக்கடியில் குழி விழும். ஃப்ளாஷ் தலையைத் திருப்பி அந்தப் பெட்ஷீட்டிலேயே அடியுங்கள்.

ஷூட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தளர்வான உடை போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். எலாஸ்டிக் தடம் சீக்கிரம் மறையாது, எடிட்டிங்கில் அதைத் துடைப்பது பெரிய வேலை.

வெண்திரை:
லைட்டைவிட முக்கியமானது இது. அவர் 18 வயது நிரம்பியவர் என்பதை அடையாள அட்டையில் பார்த்துவிட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எந்த அளவு உடை, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நடுவில் வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்த வேண்டும். அவர் நம்பும் தோழி ஒருவர் அறையில் இருக்கட்டும். புடவை மடிப்பைச் சரிசெய்யக்கூட நீங்கள் தொடாதீர்கள். வாயால் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்களே உட்கார்ந்து காட்டுங்கள்.

எடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அந்தரங்கப் படத்தைப் பிறருக்குக் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். எடிட் செய்யும் லேப்டாப்பில் கிளவுட் பேக்கப்பை நிறுத்திவையுங்கள். மெமரி கார்டைச் சும்மா ஃபார்மேட் செய்தாலும் படங்களை மீட்டுவிடலாம். அந்தக் கார்டை யாருக்கும் இரவல் தராதீர்கள்.

நிழல்கோடு:
சம்மதப் படிவத்தை இன்றே அவருக்கு அனுப்புகிறேன். பீரோ கண்ணாடியில் பிம்பம் எடுக்க ஆசைப்படுகிறார். நானும் அதில் விழாமல் இருக்க?

ஐஎஸ்ஓ800:
கண்ணாடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நில்லுங்கள். கண்ணாடியில் அவர் கண் உங்களுக்குத் தெரியும் கோணம் போதும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பிம்பத்தின் கண்ணில் வையுங்கள்; தானியங்கியில் விட்டால் பீரோ விளிம்பையோ ஸ்டிக்கர் பொட்டையோ பிடித்துக்கொள்ளும். பிம்பத்துக்கான தூரம் என்பது உங்களிடமிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து அவருக்கும் சேர்த்துத்தான். அதனால் 2.8-இல் கண்ணாடிச் சட்டம் மங்கும். அதுவும் தெளிவாக வேண்டுமென்றால் திறப்பை 8 வைத்து ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வை) ஏற்றுங்கள்.