அமெரிக்காவில் வாழும் நாம் கடவுச்சீட்டு இல்லாமல் சென்று வந்த இடங்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

சென்ற ஆண்டு சூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியபோது எங்கள் கடவுச்சீட்டுகள் புதுப்பிப்பதற்காக அஞ்சலில் போயிருந்தன. அவை திரும்பி வரும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான் என்று நாங்கள் எண்ணியிருந்த வேளையில், உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் கரீபியக் கடலிலுள்ள புவெர்ட்டோ ரிக்கோவுக்குப் போய் வரலாமே என்றார். 1898-ஆம் ஆண்டு ஸ்பெயினுடன் நடந்த போரின் முடிவில் அமெரிக்காவின் வசம் வந்த அந்தத் தீவுக்குச் செல்வது சிகாகோவுக்குச் செல்வதைப் போன்ற உள்நாட்டுப் பயணமே என்பதை, இந்நாட்டில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த பிறகுதான் நான் அறிந்துகொண்டேன். உள்நாட்டு விமானப் பயணத்துக்கு ஏற்கப்படும் ரியல் ஐடி முத்திரை உள்ள ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி விமானம் ஏறினோம்; தலைநகர் சான் ஹுவானில் இறங்கியதும் குடிநுழைவு வரிசை எதிலும் நிற்காமல் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

பழைய சான் ஹுவானின் தெருக்களில், இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடிலிருந்து வார்த்த நீல நிறக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. மழை பெய்து ஓய்ந்ததும் அவற்றின் நீலம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. 1539-இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டையின் முன்னுள்ள புல்வெளியில் உள்ளூர்க் குடும்பங்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தன. எங்கள் பிள்ளைகளும் ஒன்று வாங்கி அவர்களுடன் சேர்ந்துகொண்டார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்த்ததைவிட அந்த மாலைப்பொழுதே அவர்கள் மனத்தில் நிற்கிறது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த அம்மையார். ஒரு நாள் இரவு வாசலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தம் மக்கள் 1917-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் குடிமக்கள் என்றும், இருந்தும் தீவில் வசிக்கும் வரை குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்றும், புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்த தம் மகன் அங்குப் போனதும் வாக்களிக்கத் தொடங்கிவிட்டான் என்றும் அமைதியாகச் சொன்னார். குடியுரிமை உறுதிமொழி எடுத்த சில மாதங்களிலேயே வாக்குச்சாவடிக்குச் சென்றவன் நான். பிறப்பிலேயே குடியுரிமை பெற்ற அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எனக்குப் பதில் பேச வரவில்லை. அங்குச் செல்லும் நம்மவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் உள்ளூர் மக்களிடம் இப்படிச் சற்று உட்கார்ந்து பேச வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அவர் ஒரு நாள் எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்தார். அதில் கிடந்த பச்சைப் பருப்பைப் பார்த்த என் மனைவி, இது நம் துவரை அல்லவா என்று வியந்தார். அது துவரையேதான், அங்கு அதைக் காண்டூலேஸ் என்று அழைக்கிறார்கள். நாம் காய வைத்து உடைத்துப் பருப்பாக்குவதை, அவர்கள் பசுமையாகவே உரித்து அரிசியுடன் சேர்த்து வேக வைக்கிறார்கள்.

திரும்பும் நாளில் ஒரு சிறு வருத்தம். அந்த அம்மையார் தம் தோட்டத்து மாம்பழங்கள் ஆறு தந்திருந்தார். தீவிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குச் செல்லும் பெட்டிகள் அனைத்தையும் விமான நிலையத்திலேயே வேளாண் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். பழ ஈ போன்ற பூச்சிகள் பரவும் என்பதால் மாம்பழத்துக்கு அனுமதி இல்லை. ஆறையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தோம். எனவே கிடைக்கும் மாம்பழத்தை அங்கேயே உண்டு விடுங்கள்.

டாலஸிலிருந்து:

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. நாங்கள் சென்றது புவெர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கு. 1917-இல் டென்மார்க்கிடமிருந்து இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் கொடுத்து வாங்கிய தீவுகள் அவை. இன்றும் அங்கு வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகவே செல்கின்றன. நம் ஊர்ப் பழக்கம்தானே என்று துணிந்து வாடகைக் கார் எடுத்தேன். ஆனால் கார்கள் பெருநிலத்திலிருந்து வருவதால் ஓட்டுநர் இருக்கையும் இடப்பக்கமே இருக்கிறது. மலை வளைவுகளில் எதிரே வரும் வண்டியைக் கணிப்பது முதல் நாள் கடினமாகவே இருந்தது.

அங்குப் போவது எளிது. திரும்புவதற்குத்தான் ஆயத்தம் தேவை. அத்தீவுகள் அமெரிக்கச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால், அவற்றுள் ஒன்றான செயிண்ட் தாமஸின் விமான நிலையத்தில் புறப்படும் முன்பே சுங்கத்துறையும் குடிநுழைவுத் துறையும் சோதிக்கின்றன. என் மனைவி கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) வைத்திருந்ததால் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டார். குடியுரிமை பெற்ற நாளில் என் கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டேன். கையில் இருந்தது ஓட்டுநர் உரிமம் மட்டுமே. எங்கே பிறந்தீர்கள் என்று அதிகாரி கேட்க, சென்னை என்றேன். எப்போது குடியுரிமை பெற்றீர்கள், எந்த நகரில் என்றெல்லாம் பணிவாகக் கேட்டு, கணினியில் சரிபார்த்த பின்னரே அனுப்பினார். இருபது நிமிடம் ஆயிற்று; விமானத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்று நெஞ்சு படபடத்தது. இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கை கொடுக்கும். நம்மைப் போல் வந்து குடியேறியவர்கள், கடவுச்சீட்டு இல்லாவிட்டால், குடியுரிமைச் சான்றிதழையாவது எடுத்துச் செல்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. அத்தீவுகளுள் மற்றொன்றான செயிண்ட் ஜானின் பெரும்பகுதி 1956 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. அதன் வடகரையில் நின்றால் எதிரே டோர்டோலா தீவு மிக அருகில் தெரிகிறது. அது பிரித்தானியப் பகுதி. படகில் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்றாலும் கடவுச்சீட்டு கட்டாயம். எங்களுடன் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் அங்குச் சென்றபோது நாங்கள் இருவரும் கரையில் நின்று கையசைத்தோம்.

அட்லாண்டாவிலிருந்து:

கப்பல் பயணம் செல்வோர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பலில், அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழோ குடியுரிமைச் சான்றிதழோ காட்டி, படமுள்ள அரசு அடையாள அட்டையுடன் சென்று வரலாம். அதை நம்பியே என் அண்ணனும் அண்ணியும் மயாமியிலிருந்து புறப்பட்டார்கள். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் இறங்கிய அன்று அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது, கப்பல் போய்விட்டது. இறைவன் அருளால் உடல் தேறிவிட்டது, ஆனால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் திரும்பக் கடவுச்சீட்டு வேண்டும். தூதரக அலுவலர்களிடம் விண்ணப்பித்து அவசரக் கடவுச்சீட்டு பெறும்வரை அண்ணி தனியாகத் தவித்த நாட்களை நான் மறக்க மாட்டேன். சட்டப்படி தேவையில்லை என்றாலும், வயதானவர்கள் கப்பலில் செல்வதாக இருந்தால் கடவுச்சீட்டு எடுத்த பின்னரே அனுப்புங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சான் ஹோசேயிலிருந்து:

மேற்குப் பசிபிக்கில் உள்ள அமெரிக்கப் பகுதியான குவாம் தீவுக்கு, ஹவாயின் ஹொனலூலு வழியாகச் சென்றேன். டோக்கியோ வழியாகப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். அது வேறு நாட்டைத் தொட்டுச் செல்வதால் கடவுச்சீட்டு வேண்டியிருக்கும். அங்குள்ள காட்டுப் பாதையில் நடந்தபோது பறவைக் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்குகளோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அத்தீவின் காட்டுப் பறவைகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. அந்த நிசப்தத்தை நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை.

சார்லட்டிலிருந்து:

நியூ ஜெர்சி நண்பரின் பதிவைப் படித்துவிட்டு, சுற்றுலா விசாவில் வந்திருந்த என் மாமியாரையும் புவெர்ட்டோ ரிக்கோவுக்கு அழைத்துச் சென்றோம். அவர்களுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. இந்தியக் கடவுச்சீட்டை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னோம். அங்குக் கழித்த நாட்களும் அமெரிக்காவில் தங்க அவர்களுக்கு அனுமதித்த ஆறு மாதக் கணக்கிலேயே சேரும். சந்தையில் பச்சைத் துவரைக்காயைக் கண்டதும் அத்தை நின்றுவிட்டார்கள். கடைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு ஸ்பானியம் தெரியாது. ஆனாலும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து அரை மணி நேரம் துவரை உரித்துக்கொண்டிருந்தார்கள்.