பழைய அம்பாசடர், பத்மினி: ஒரிஜினலுக்குத் திருப்பலாமா? ராமநாதபுரம் கரைப்பக்க அனுபவங்கள்

கீழக்கரையிலிருந்து:

வண்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி.யை எடுங்க. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் துடைச்சு பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. இந்தப் பக்கம் டாக்ஸியா ஓடின அம்பாசடர் நிறையவற்றில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் ஏறியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறியிருந்தா, திரும்ப பெட்ரோல் வைக்கவும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கித்தான் வைக்கணும். ஏறலைன்னா அந்தச் சிக்கலை முடிக்காம ஒரு போல்ட்டையும் கழட்டாதீங்க.

விண்டேஜ் பதிவை நினைச்சு இறங்குறவங்க 2021 ஜூலையில் வந்த விதியைத் தெரிஞ்சுக்கணும். முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூணும் மாற்றப்படாம இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா விண்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. தினமும் பஜாருக்குப் போய் வர வண்டி வேணும்னா இந்த வழி ஒத்து வராது. 1980 பத்மினி வச்சிருக்கிறவங்களுக்கு 2030 வரை நேரம் இருக்கு. இன்னைக்கு எதை வெட்டாம விடுறீங்களோ அதுதான் அன்னைக்கு உதவும்.

பாம்பனிலிருந்து:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன பேப்பர் விஷயம் சரியா இருந்தா அடுத்தது தகடு. நம்ம கரையில் முடிவே அங்கதான் இருக்கு. அம்பாசடரும் பத்மினியும் அடியில் தனி இரும்பு ஃபிரேம் இல்லாத வண்டிகள், பாடியேதான் சுமை தாங்குது. அதனால கதவுக்குக் கீழ ஓடுற பெட்டிப்பகுதி உளுத்துப்போனா அது அழகுப் பிரச்சினை இல்லை. ஜாக்கி வச்சுத் தூக்கினதும் கதவு இடைவெளி மாறும், சில நேரம் கதவு பூட்டாது.

பார்க்கும் முறை இது. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி வீல் ஆர்ச், கதவின் கீழ்விளிம்பு, டிக்கித் தளம் மேல நகர்த்துங்க. பிடிப்பு விடுற இடத்துல பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுற பசை) தடிமனா இருக்கு. பிறகு கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை சைக்கிள் போக்ஸ் கம்பியால குத்துங்க. கச்சான் காத்துல ஏறின மணல் உள்ளே அடைச்சிருக்கும். காபிப்பொடி நிறத்துல ஈரமா, துருவோட கலந்து கொட்டும். அப்படிக் கொட்டினா கதவுத் தகட்டை உள்ளேயிருந்து பார்க்காம விலை பேசாதீங்க. அண்டர்பாடியில் புதுசா கறுப்புப் பூச்சு அடிச்சிருந்தா ஸ்க்ரூ டிரைவரால அழுத்திப் பாருங்க, அடியில் தகடு இருக்கான்னு.

தகடு மாத்தணும்னா தளத்துக்கு 20 கேஜ், பெட்டிப்பகுதிக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு). துத்தநாகம் பூசின ஜி.ஐ. ஷீட் போட்டா வெல்டிங் விழுற இடத்துல துத்தநாகத்தைக் கிரைண்டரால எடுத்துடணும், இல்லைன்னா வெல்டிங்ல துளை விழும், புகையும் உடம்புக்குக் கேடு. துருவெடுக்கக் கடற்கரை மணலால பிளாஸ்டிங் (காத்தழுத்தத்துல மணலைப் பீச்சி அடிக்கிறது) செய்யவே கூடாது. உப்பு தகட்டுக்குள்ள பதிஞ்சு பிரைமருக்கு அடியில் கொப்புளமா எழும். கார்னெட் மணல்தான் வேணும். அதுவும் அடிப்பகுதிக்கு மட்டும். பானெட், கதவு வெளித்தகட்டில் அடிச்சா சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தகடு நெளிஞ்சு போகும்.

கழுவுற தண்ணியைக் கவனிங்க. நம்ம போர் தண்ணி பெரும்பாலும் உவர்ப்பு. கடைசி அலசலுக்குக் குடிநீரோ மழைநீரோ ஒரு கேன் ஒதுக்குங்க. துடைச்சுக் காய வச்சு அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட் அடிச்சுடணும். ராத்திரி விட்டா காலையில் மஞ்சளா துரு பூத்திருக்கும். பட்டி பிரைமருக்கு மேலதான், வெறும் தகட்டில் இல்லை. பெட்டிப்பகுதிக்குள்ள வேக்ஸ் அடிச்சு, ஓட்டையை ரப்பரால மூடுங்க. கம்பெனியில் இப்படிச் செய்யலையேன்னு கேட்பாங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்துல செய்யுற பாதுகாப்பை நான் ஒரிஜினலுக்கு விரோதம்னு எண்ணமாட்டேன். இந்தக் காத்துல அது இல்லாம செய்யுற வேலை வீண்.

மண்டபத்திலிருந்து:

ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன். கம்பெனி பெயிண்ட் பெரும்பகுதி தங்கியிருக்கிற வண்டியை முழுசா சுரண்டிடாதீங்க அண்ணே. மங்கியிருந்தாலும் பாலிஷ் போட்டு, உரிஞ்ச இடத்தை மட்டும் சேர்த்தடிங்க. மறுபடி எந்தக் கடையிலும் அந்தப் பெயிண்ட் கிடைக்காது. பம்பர் குரோம் வேற கணக்கு. மேல இருக்கிற குரோம் மிக மெல்லிசு, துருவைத் தடுக்கிறது அடியில் இருக்கிற நிக்கல். விலை குறைச்சுக் கொடுக்கிறவங்க நிக்கலைத்தான் குறைப்பாங்க. நம்ம காத்துல சீக்கிரமே புள்ளி விழும். செம்பு, நிக்கல், குரோம் மூணும் உண்டான்னு கேட்டு வாங்குங்க.

தொண்டியிலிருந்து:

எதைத் திருப்பலாம், எதை விடலாம் என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல்: ஒரு நாளில் ஸ்பேனரால் கழற்றி முன்பிருந்தபடி ஆக்க முடிந்தால் அந்த மாற்றம் இருக்கட்டும். ஹெட்லைட் ரிலே, சீட் பெல்ட், ரேடியல் டயர் எல்லாம் இந்த வகை. ஏ.சி.க்காக ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டை) துளைத்தது, பத்மினியில் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும் கியர் லீவரைத் தரை கியராக்கத் தளத்தை வெட்டியது ஆகியவைதான் தகடு வேலையோடு சேர்த்து ஒரிஜினலுக்குத் திரும்ப வேண்டியவை. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டுகிறவர்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்ததா) என்று முதலில் பார்க்கவும். அந்த இணைப்பை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதன் டயோடு உடனே போய்விடும். கழற்றிய டைனமோவை எண்ணெய் தடவிக் கட்டி, சீட்டு ஒட்டி வையுங்கள்.

எரிபொருளில் மட்டும் கம்பெனி நிலையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 2000-லிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல். ஈயம் இல்லாததால் பழைய இரும்பு சிலிண்டர் ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் விளிம்பு) தேய்ந்து, வால்வு இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட்டை இறக்கும்போதே கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள், வெளியே தெரியாது. இப்போதைய இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பெட்ரோல் பம்பின் பழைய ரப்பர் டயஃப்ரத்தை (சவ்வை) ஊறவைத்துக் கெடுக்கும். பம்ப் டயஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றுங்கள். எஞ்சின் திணறினால் கார்புரேட்டரின் மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) ஒரு படி பெரிதாகப் போட்டுப் பாருங்கள். ஈரக் காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் தண்ணீரை இழுத்து டேங்கின் அடியில் பிரியும், அங்கிருந்து துரு தொடங்கும். நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுக்க வடித்து விடுங்கள். பாதி டேங்க்தான் கெடுதல்.

பிரேக் வீல் சிலிண்டர் உள்ளே குழிவிழுந்திருந்தால் புதிதாக வாங்குவதற்கு முன் லேத்தில் பித்தளை ஸ்லீவ் இறக்கக் கேளுங்கள். பழைய வார்ப்பு அப்படியே இருக்கும், உள்ளே துரு மறுபடி வராது. பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள்.