லைசென்ஸ் அவர் பெயரில், பணம் உங்களுடையது: கையெழுத்துப் போடும் முன்

"லைசென்ஸ் என் பெயரில் இருக்கட்டும். நீங்கள் முதல் போட்டுத் தொழிலை நடத்துங்கள், லாபத்தில் பாதி தந்தால் போதும்." புதிதாகக் குடியேறிய நம்மவர்களிடம் யாராவது இப்படிப் பேசினால், சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உடனே தலையாட்டாதீர்கள்.

லைசென்ஸ் என்பது பெரும்பாலும் விற்று வாங்கும் சொத்து அல்ல. இன்னாருடைய தகுதியைப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன தொழிலுக்கு என்று அரசு கொடுக்கும் அனுமதி. மாற்றித்தர இடமுள்ள தொழில்களிலும், அதை அதிகாரிகள் ஏற்றுப் பதிவு செய்தால்தான் செல்லும்.

கூட்டு வணிகம் என்று பத்திரம் எழுதிக்கொண்டால் போதாதா? 1950இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதே கேள்வியை விசாரித்தது. சாராயம், கள் விற்கும் லைசென்ஸ் ஒருவர் பெயரில் மட்டும், வியாபாரமோ கூட்டாக. லைசென்ஸைக் கூட்டின் சொத்தாக்கினால் அது கைமாற்றுவதாகிவிடும், அது குற்றம். கைமாற்றவில்லை என்றாலோ, கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் முகவர்கள் என்பதால், லைசென்ஸ் இல்லாதவர் மற்றவர் மூலம் விற்பதாகிவிடும், அதுவும் குற்றம். ஆகவே அந்தக் கூட்டு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. லைசென்ஸ் கிடைப்பதற்கு முன்பே கூட்டு சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் எந்த நாட்டு வழக்கறிஞரிடமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பணத்தின் கதி. சட்டவிரோதச் செயலை அடிப்படையாக வைத்து வழக்காடுபவருக்கு நீதிமன்றம் உதவாது என்று 1775இல் இங்கிலாந்தில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்னது, அந்தச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் வேரூன்றிவிட்டது. 2016இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குக் கொடுத்த பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று ஒரு வழக்கில் வழிவிட்டது உண்மை. ஆனால் அது உச்ச நீதிமன்றம்வரை போய்க் கிடைத்தது. சேமிப்பு முழுவதையும் போட்டுவிட்டு நிற்பவரால் அவ்வளவு தூரம் போக முடியுமா?

நேர்வழி இல்லாமல் இல்லை. உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி இருவருமாக விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால் அதன் பங்குகளை வாங்கலாம்; லைசென்ஸ் கம்பெனியிடமே இருக்கும். ஆனால் உரிமையாளர் மாறுவதைத் தெரிவிக்கவோ அனுமதி பெறவோ வேண்டுமா என்று நிபந்தனைகளைப் படியுங்கள். அனுமதி வரும்வரை பணம் வழக்கறிஞரின் பொறுப்பில் இருக்கட்டும். உங்கள் விசா சொந்தத் தொழிலுக்கு இடம் தருகிறதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.