ராயபுரம் வீடு – குடும்ப குரூப்

திவ்யா: நாளைக்கு காலைல லேப் வைவா. பைதான் புரோகிராம் ஃபைல்ல மொத வரில #! வருதுல்ல, அதுக்கு ஏன் ஷிபாங்னு பேருன்னு மேம் கேக்குறாங்களாம். அருள் அண்ணா இருக்கியா?

செல்வி அத்தை: வளைகாப்பு புடவை எம்.சி. ரோடுல எடுத்தாச்சு. போட்டோ போடவா?

திவ்யா: அத்தே ப்ளீஸ் 🙏

அருள்: இருக்கேன். # ஹேஷ். ! ஆச்சரியக்குறி; அமெரிக்கால அச்சுக்காரங்க அத ‘பேங்’னு சொல்லுவாங்க. ஹேஷ்-பேங் வாய்ல உருண்டு ஷிபாங் ஆச்சு.

மணி சித்தப்பா: இன்னா பேங்கு? லோனா?

அருள்: # குறிய ஷார்ப்னும் சொல்லுவாங்க, சங்கீதத்துல வர்ற குறி மாதிரி இருக்கறதால. ஷார்ப்-பேங்தான் மூலம்னு ஒரு கட்சி. மொத்த சமாச்சாரத்தையும் ‘ஹோல் ஷிபாங்’னு சொல்ற பழக்கம் அங்க 1800கள்லேர்ந்தே இருக்கு. அந்த ஓசையும் சேந்துக்கிச்சு.

பெரியப்பா: தங்கசாலை பிரஸ்ல எழுத்து கோத்தவன் நான். எங்களுக்கு ஆச்சரியக்குறிதான்.

செல்வி அத்தை: அண்ணன் பேசிட்டாரு! கிரகப்பிரவேசத்துக்கே வரல

பெரியப்பா: கூப்டாதான வர்றதுக்கு

மணி சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

திவ்யா: பேர் வெச்சது யாருண்ணா?

அருள்: 1980 ஜனவரில, அமெரிக்கால பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல டென்னிஸ் ரிச்சி இந்த #! வசதிய யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல சேத்தாரு. ஃபைல் இந்த ரெண்டு எழுத்துல ஆரம்பிச்சா, அந்த வரில மிச்சம் இருக்கறது இத ஓட்ட வேண்டிய புரோகிராமோட விலாசம். தனியா பேர் வெச்சதா ஞாபகம் இல்லன்னு அவரே சொல்லியிருக்காரு. ஆளுங்க கூப்டு கூப்டு நின்ன பேரு.

திவ்யா: 📷 என்னோடது ஓடவே மாட்டேங்குது

அருள்: மேல காலி வரி விட்டிருக்க பாரு. ஃபைலோட மொத ரெண்டு பைட்டே #! ஆதான் இருக்கணும்; கம்ப்யூட்டர் கணக்குல # 35, ! 33. முன்னாடி ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் கெர்னல், அதான் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப்பகுதி, கண்டுக்காது. அப்புறம் நீ கமாண்ட் அடிக்கற ஷெல்லே அத ஓட்டப் பாத்து, பைதானோட ‘இம்போர்ட்’னா இன்னான்னு முழிக்கும்.

திவ்யா: ஓடுது!!!

சுமதி: சாப்ட்டு உக்காருடி

மணி சித்தப்பா: ஞாயித்துக்கெழம வேன் சொல்லவா? கொருக்குப்பேட்டை கேட் போட்டா நல்ல நேரம் போயிடும்

செல்வி அத்தை: மெட்ரோல வாங்க

திவ்யா: ஹேஷா ஷார்ப்பா? எதச் சொல்ல?

அருள்: ரெண்டையும் சொல்லு. எதுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது.

பெரியப்பா: எத்தன மணிக்கு?

சுமதி: வைவாவா மாமா?

பெரியப்பா: வளைகாப்பு

செல்வி அத்தை: பத்தரைக்குண்ணே. தம்பி வண்டி எடுத்துனு வருவான்

மணி சித்தப்பா: அப்ப வேன் இல்லியா?