கிரிம்ப் டெர்மினல்: ‘கவ்வுமுனை’யா, ‘நெரிமுனை’யா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய பின்பால் (இரும்புப் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு) எந்திரங்களைப் பழுதுபார்க்கும் கையேட்டின் தமிழாக்கத்தில் ‘கிரிம்ப் டெர்மினல்’, அதாவது கம்பியின் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை, வரும் இடமெல்லாம் ‘கவ்வுமுனை’ என்று இருக்கிறது. ‘பற்றுமுனை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1990களின் முற்பாதியில் செய்த டபிள்யூ.பி.சி. வகை எந்திரங்களில் பொது வெளிச்சத்துக்கான விளக்குகள் 6.3 வோல்ட் மாறுமின்சாரத்தில் எரிகின்றன. மொத்தம் ஐந்து சரங்கள், சரத்துக்கு ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ். 44ஆம் எண் பல்பு ஒன்று 0.25 ஆம்பியர் இழுக்கும். ஒரு சரத்தில் 18 பல்பு இருந்தால் 4.5 ஆம்பியர். இவ்வளவும் பவர் போர்டின் ஜே120, ஜே121 இணைப்பிகளில் உள்ள மெல்லிய ஊசிகள் வழியாகப் போகிறது. புதிதில் ஊசியின் தொடுமின்தடை சில மில்லியோம்தான். காலப்போக்கில் ஊசியைப் பிடிக்கும் வில் தகடு தளர்ந்து, பூச்சு கறுத்து, அது 0.1 ஓம் ஆகிவிட்டால் அந்த ஒரு ஊசியில் மட்டும் 2 வாட் சூடு. சூட்டில் வில் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். நைலான் கூடு பழுப்பாகி, கருகி, தொட்டால் உதிரும்.

தொழிற்சாலையில் போட்டவை பெரும்பாலும் ஐ.டி.சி. வகை. கம்பியின் தோலை உரிக்காமலே பிளவில் வைத்து அழுத்துவார்கள். பிளவின் விளிம்பு தோலைக் கீறிச் செம்பைத் தொடும். இதைக் ‘கீறுமுனை’ எனலாம். கருகிய பின் இதையே மறுபடி அழுத்தி ஓட்டக் கூடாது. பளிச்சென்று செம்பு தெரியும்வரை கம்பியை வெட்டிவிட்டு, புது முனையைக் கிரிம்ப் செய்து போட வேண்டும். போர்டில் இருக்கும் ஊசிவரிசையையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ஊசியில் புது முனையைச் செருகினால் புதியதும் சீக்கிரம் கருகிவிடும். இந்த வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அந்தப் புது முனையின் வாலில் இரண்டு ஜோடி சிறகுகள் உண்டு. முன் ஜோடி செம்பிழைகளுக்கு, பின் ஜோடி தோலுக்கு. கருவியில் வைத்து அழுத்தும்போது முன் சிறகுகள் சுருண்டு இறங்கி, இழைகளோடு ஒரே கட்டியாக இறுகிவிடும். உறுதிக்கு என்று மேலே சால்டர் வைப்பவர்கள் உண்டு. அது வேண்டவே வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைப்பாக்கும். பந்து அடிபடும் அதிர்வில், விறைப்பு முடிகிற இடத்தில் கம்பி ஒடியும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘கவ்வி’ என்றால் நமக்கு முதலைக் கவ்விதான் நினைவுக்கு வரும். அது திறந்து மூடுவது. கிரிம்ப் செய்ததை வெட்டித்தான் எடுக்க முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், இதே முனையின் மறுபக்கம் ஊசியைக் கவ்வுகிறது. ஊசியை மூன்று இடத்தில் தொடும் ட்ரைஃபர்கான் வகையைக் கேட்டு வாங்குவதே அந்தக் கவ்வலுக்காகத்தான். ‘கவ்வும் பகுதி தளர்ந்தால்’ என்று எழுதினால் படிப்பவர் எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்? ‘பற்று’ ஏற்கெனவே ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்குப் போய்விட்டது. ஆகவே நெரிப்பு, நெரிமுனை, நெரிப்பான். அழுத்தம் போதாவிட்டால் குறைநெரிப்பு, இழை அறுந்தால் மிகைநெரிப்பு. வேண்டிய சொற்கள் வரிசையாகக் கிடைக்கின்றன.

*

> நெரிப்பு, நெரிமுனை, நெரிப்பான்.

ஐயா, கவ்வலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘நெரி’ என்றதும் கழுத்தை நெரிப்பதுதான் காதில் விழுகிறது. கடையில் ‘கிரிம்ப் அடிச்சுக் குடு’ என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். கிரிம்ப் என்றே விட்டால் என்ன? அப்புறம் ‘நெரிப்பான்’ என்றால் கருவியா, ஆளா என்ற குழப்பமும் வரும்.

*

பேச்சில் கிரிம்ப் இருக்கட்டும், அதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் குறைநெரிப்பையும் மிகைநெரிப்பையும் பிரித்துச் சொல்ல வேண்டிய பக்கத்தில் ‘கிரிம்ப்’ நமக்குக் கைகொடுக்காது. புருவத்தையும் நெரிக்கிறோம், கூட்டத்தில் நெரிசலும் உண்டு. கழுத்து மட்டுமே அந்தச் சொல்லுக்குச் சொந்தமில்லை. கருவியைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ‘நெரிகுறடு’ என்று மாற்றிவிடுகிறேன். குறடு எல்லாருக்கும் தெரிந்த சொல். முதல் முறை வரும்போது ‘கிரிம்ப் எனப்படும் நெரிப்பு’ என்று எழுதிவிடலாம்.

இன்னொன்று பாக்கி. இணைப்பியை மாற்றிச் செருகாமலிருக்க ஒரு ஊசியை வெட்டி, கூட்டில் அதற்கு நேரான துளையை அடைத்திருப்பார்கள். அந்தச் சிறு அடைப்புக்கு ‘தடைமுளை’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.