புதுப்பிப்பு: பின்னறையில் வைஃபை இப்போது நன்றாக எடுக்கிறது

பின்னறையில் என் லேப்டாப்புக்கு வைஃபை ஒரு கோடுதான் வருகிறது, அதே மேசையில் போனுக்கு மூன்று கோடு வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். "லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றி ஆன்டெனா ஒயரைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னார். அதுதான் சரி.

உள்ளே வைஃபைக்கான சிறு பலகையில் (வைஃபை கார்டு) இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் மாட்டியிருக்க வேண்டும். ஒன்று கழன்று கிடந்தது. போன வருடம் திரை மாற்றியபோது மாட்டாமல் விட்டிருக்க வேண்டும். ஆன்டெனா திரையின் மேல் விளிம்பில்தான் இருக்கிறது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அந்தக் குட்டி பித்தளை முனையை நேராக வைத்து விரலால் அழுத்தினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. சாய்த்து அழுத்தினால் கார்டின் முனையே நசுங்கிவிடும், கவனம். சிக்னல் மைனஸ் 81 டிபிஎம்மிலிருந்து (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) மைனஸ் 68-க்கு வந்தது.

அப்புறம் ரவுட்டர். இரும்பு பீரோவுக்குப் பின்னால் தரையில் இருந்ததை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றி, ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தினேன். குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாக வீசும், நுனியின் திசையில் மிகக் குறைவு. இப்போது மைனஸ் 59.

வெளியே செருகும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கவில்லை. வாங்குபவர்கள் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள்; அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும். ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள்.

வழி காட்டியவருக்கு மனமார்ந்த நன்றி.