இடர்வாய்ப்பும் அறுதியின்மையும்: சுங்கச்சாலை முன்கணிப்புக்கான இரு சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கச்சாலைகளின் போக்குவரத்தையும் வருவாயையும் முன்கணிக்கும் அறிக்கைகளில் வரும் 'ரிஸ்க்', 'அன்செர்ட்டெயின்ட்டி' ஆகிய ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் 'இடர்' என்ற ஒரே சொல் போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நிகழ்தகவைக் கணக்கிட இடம் தருவது முன்னது என்றும், அதற்கு அடிப்படையே இல்லாதது பின்னது என்றும் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-இலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

சிட்னி நகரின் கிராஸ் சிட்டி சுரங்கச்சாலையை எடுத்துக்கொள்வோம். 2005 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 90,000 வண்டிகள் வரும் என்று கணித்திருந்தார்கள். வந்தவையோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. 2006 முடிவதற்குள் கடன் கொடுத்தவர்கள் சார்பில் வந்த நிர்வாகிகளின் கைக்குத் திட்டம் போய்விட்டது. இத்தகைய கணிப்புக்கு அடிப்படையான மக்கள்தொகை, எரிபொருள் விலை போன்றவற்றுக்குப் பழைய தரவுகள் உண்டு. அவற்றின் ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவுப் பரவலாக எழுதி, தற்செயல் எண்களைக் கொண்டு திரும்பத் திரும்பக் கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் ஆயிரக்கணக்கான தடவை கணக்கிட்டு, வருவாய் இன்ன அளவுக்குக் குறைய இத்தனை விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால், சுரங்கத்துக்குள் வண்டிகளைத் தள்ளுவதற்காகவே மேலே உள்ள தெருக்களைக் குறுக்கிவிட்டார்கள் என்று நகரத்தார் சினந்து, 3.56 டாலர் கட்டுவதைவிடச் சுற்றிப் போவதே மேல் என்று முடிவெடுப்பார்கள் என்பதை எந்தப் பரவலில் எழுதுவது?

இப்படிக் கணக்கிட முடிகிற 'ரிஸ்க்' என்பதற்கு 'இடர்வாய்ப்பு' என்பதை முன்மொழிகிறேன். 'பேரிடர்' என்பது புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிலைத்துவிட்டதால் தனித்த 'இடர்' நேர்ந்துவிட்ட கேட்டையே நினைவூட்டுகிறது. 'வாய்ப்பு' சேரும்போது அளவிடத்தக்கது என்ற குறிப்பும் கிடைக்கிறது. எந்தப் பரவலிலும் அடங்காத 'அன்செர்ட்டெயின்ட்டி' என்பதற்கு 'அறுதியின்மை' பொருந்தும். 'உறுதியின்மை' மனத்தளர்ச்சியையும் சுட்டும்; 'ஐயப்பாடு' கணிப்பவரின் மனநிலையைச் சொல்கிறதேயன்றிக் கணிக்கப்படும் பொருளின் இயல்பைச் சொல்வதில்லை. 'அறுதியிட்டுக் கூற இயலாது' என்று நாம் வழக்கமாகவே எழுதுகிறோம்.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. கடன் தரமதிப்பீட்டு நிறுவனமான ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸின் 2005 ஆய்வு, உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட சுங்கச்சாலைகளை ஒப்பிட்டு, உண்மையான போக்குவரத்து சராசரியாகக் கணிப்பில் 77 விழுக்காடே எனக் கண்டது. தற்செயல் பிழையாக இருந்தால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். ஒப்பந்தப் போட்டியில் யாருடைய கணக்கு மிகையோ அவருக்கே சாலையை நடத்தும் உரிமை கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம். இதை 'மிகைநம்பிக்கைச் சாய்வு' என்று தனியே குறிக்க வேண்டும். 'அறுதியின்மை' என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ள இடம் தரக்கூடாது.

'ராம்ப்-அப்' என்பதற்குத்தான் நல்ல சொல் அமையவில்லை. திறந்த பின் ஓட்டுநர்கள் புதுச்சாலைக்குப் பழகும்வரை வருவாய் மெலிந்தும் வட்டிச்சுமை முழுதாகவும் இருக்கும் ஆண்டுகள் அவை. 'பழகுகாலம்' என்று வைத்திருக்கிறேன். தொழிற்பயிற்சியோடு குழம்புமோ என்று தோன்றுகிறது. வேறு சொல் இருந்தால் தெரிவியுங்கள்.